ஆடாமல் ஓர் ஆறு

நன்யுகி,
4 ஜூலை 2016

லெட்டோயே,

போனில் பேசினால் நீ "சரிக்கா, சரிக்கா" என்கிறாய். வைத்த பிறகு உனக்குத் தோன்றியதைச் செய்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதைக் காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது பார். தவிர, படம் இருக்கும் கார்டு எப்படியும் கிமாதியின் வண்டியில்தான் பர்சலிங்காவுக்கும் இங்கேயுமாகப் போய் வருகிறது. அதைச் சுற்றி ஒரு காகிதம் வருவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

நீ அனுப்பிய முதல் படத்தைக் கடை டிவியில் போட்டேன். மெத்தை வாங்க வந்திருந்த ஒரு கிழவர், பணத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இந்த ஆத்துக்கு என்ன, மலேரியாக் காய்ச்சலா?" அவர் மனைவி, "ஆறு இல்லைங்க, அடுப்புல கஞ்சி கொதிக்குது" என்றாள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

நைரோபிப் படக்கம்பெனிப் பெண் முவிக்காலி என்ன கேட்கிறாள் என்பதை மறுபடி சொல்கிறேன். பர்சலிங்காவில் தொடங்கி, மேலே பாறை இடுக்குவரை எவாசோ ஆற்றின் மேலேயே போக வேண்டும். நடுவில் வெட்டு இல்லை. ஆட்டமும் இல்லை. "மேசையில வெச்ச தண்ணி மாதிரி இருக்கணும் மேடம்" என்றாள். அது அமைந்தால் ஒவ்வொரு பருவத்துக்கும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். அமையாவிட்டால் செப்டம்பர் கடைசியில் மலிண்டி ஹோட்டல்காரனுக்கு அந்தப் பறக்கும் வண்டியைக் கொடுத்துவிடுவேன். கடற்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்க அவனுக்கு இப்படி ஒரு மைக்ரோலைட் வேண்டுமாம். ஓட்ட அவனிடம் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

ஊருக்குப் போன பெல்ஜியக்காரரிடம் இதை வாங்கியபோது நீ அவருடைய மெக்கானிக். பறக்கவும் அவரிடமே கற்றுக்கொண்டாய். என் தங்கை கனானுவின் புருஷன் என்பதற்காக நான் வாங்கவில்லை. விலை நன்றாக இருந்தது, வாங்கினேன். எனக்கு அது சரக்கு. உனக்கு அது சரக்கில்லை என்று தெரியும். அதனால்தான் செப்டம்பர்வரை பொறுக்கிறேன். அதற்குமேல் கேட்காதே.

இத்துடன் மெத்தை நுரை அனுப்புகிறேன். நல்ல அடர்த்தியானது. கேமராவுக்கு அடியில் வை. மெத்தென்று இருந்தால் அதிர்ச்சி ஏறாது. இதில் எனக்கு இருபது வருட அனுபவம்.

கரிமி

•

பர்சலிங்கா,
13 ஜூலை 2016

மதிப்பிற்குரிய கரிமி அக்காவுக்கு,

நீங்களும், அத்தானும், பிள்ளைகளும், கடையில் வேலை செய்பவர்களும் நலமென்று நம்புகிறேன். நன்யுகியில் குளிர் எப்படி இருக்கிறது? இங்கே மழை இல்லை. ஆடுகள் பரவாயில்லை, ஒன்று நொண்டுகிறது. கனானு நலம். கிமாதியின் வண்டிக்கு டயர் வெடித்ததால் உங்கள் கடிதம் தாமதமாக வந்தது, அவரும் நலம்.

அக்கா, நுரை நல்ல நுரை. ஆனால் படம் முன்பைவிட மோசமாகிவிட்டது. முன்பு நடுங்கியது, இப்போது குதிக்கிறது. கேமரா கைக்குள் அடங்கும் அளவுதானே. அதை நுரைமேல் வைத்தால், காற்றில் கிளை நுனியில் உட்கார்ந்த குருவிபோல் ஆகிவிடுகிறது. ஒரு தடவை கட்டு அவிழ்ந்தே போயிற்று. நல்ல வேளை, தனியாக ஒரு கம்பியும் போட்டிருந்தேன். இன்ஜினும் விசிறியும் என் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன. முன்னால் எது கழன்றாலும் நேரே பின்னால் போய் விசிறியில்தான் அடிக்கும். இதைக் கனானுவிடம் சொல்லிவிடாதீர்கள்.

தோற்றுப்போனாலும் ஒன்று கற்றுக்கொண்டேன். தகரக் குவளையில் பாதி தண்ணீர் ஊற்றி, வண்டியின் ஒவ்வொரு குழாயிலும் கட்டிப் பார்த்தேன். தரையிலேயே இன்ஜினை ஓடவிட்டேன். இறக்கைக்குப் போகும் நடுத்தூணில் கட்டினால் தண்ணீர் எழுந்து வெளியே தெறிக்கிறது. முன்சக்கரத்துக்கு மேலே உள்ள குழாயில் கட்டினால் சின்னச் சின்ன வளையம்தான். முதல் தடவை நான் கேமராவைக் கட்டியது நடுத்தூணில். அங்கிருந்துதான் ஆறு நன்றாகத் தெரிகிறது என்று நினைத்தேன். நன்றாகத் தெரிவது வேறு, நன்றாக வருவது வேறு போலிருக்கிறது.

வண்டியை விற்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது உங்கள் வண்டி. நான் என்ன சொல்ல முடியும்? பார்க்கிறேன்.

உங்கள் தம்பி,
லெட்டோயே

•

நன்யுகி,
20 ஜூலை 2016

லெட்டோயே,

நலம் விசாரிப்பதிலேயே அரைப் பக்கம் போய்விடுகிறது உனக்கு. கிமாதியின் டயரும் நலமா என்று கேட்டிருக்கலாம்.

உன் குவளை விஷயம் எனக்குப் பிடித்தது. அதை நினைத்துக்கொண்டே கடையில் இருந்தேன். பாதிரியாரின் மனைவி மெத்தை பார்க்க வந்தார். அவருடைய உடம்பு உனக்குத் தெரியும். கூடவே ஒல்லியாக ஒரு மருமகள். இருவரும் ஒரே மெத்தையில் உட்கார்ந்து பார்த்தார்கள். வெளியே லாரி ஒன்று போனது, தரை அதிர்ந்தது. மருமகள் அசைந்தாள். அம்மா அசையவே இல்லை. "நல்ல மெத்தை, ஆடவே மாட்டேங்குது" என்றார் அம்மா. "உங்களுக்கு ஆடாது அத்தை, எனக்கு ஆடுது" என்றாள் மருமகள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். குறை நுரையில் இல்லை லெட்டோயே. உட்கார்ந்திருப்பது ஒல்லி. கேமராவைக் கனமாக்கு. கனமானதைச் சட்டென்று ஆட்ட முடியாது. இத்துடன் என் தராசின் இரண்டு கிலோ எடைக்கல் வருகிறது. கேமராவை அதன்மேல் இறுக்கமாகக் கட்டு. நுரை வேண்டாம், மோட்டார்சைக்கிள் டியூபை வெட்டி எடைக்கல்லுக்கு அடியில் வை. முன்சக்கரத்துக்கு மேலே கட்டு. பாதுகாப்புக் கம்பியை இரண்டாகப் போடு. கனானுவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கம்பியை மூன்றாகப் போட்டாலும் தப்பில்லை.

எடைக்கல்லைத் தொலைத்துவிடாதே. அதிகாரி முத்திரை போட்டது.

கரிமி

•

பர்சலிங்கா,
1 ஆகஸ்ட் 2016

மதிப்பிற்குரிய கரிமி அக்காவுக்கு,

அனைவரும் நலமா? நொண்டிய ஆடு இப்போது ஓடுகிறது. மற்றவை நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று எழுதவில்லை.

அக்கா, எடைக்கல் வேலை செய்கிறது! கேமரா அசைய யோசிக்கிறது. அது யோசிப்பதற்குள் அதிர்வு முடிந்துவிடுகிறது.

அதோடு விட்டுவிட மனம் வரவில்லை. விசிறியின் இலைகளைத் துடைத்துப் பார்த்தேன். கல் படாமலிருக்க ஓரத்தில் ஒட்டியிருந்த டேப் ஓர் இலையில் பாதி கிழிந்திருந்தது. ஒன்று கனம், ஒன்று லேசு. ஆடாமல் என்ன செய்யும்? எல்லாவற்றையும் உரித்து ஒரே நீளத்தில் வெட்டிப் புதிதாக ஒட்டினேன். பிறகு மறுபடி குவளைத் தண்ணீர். இன்ஜின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஓரிடத்தில் வளையமெல்லாம் அடங்கித் தண்ணீர் கண்ணாடிபோல் ஆயிற்று. இன்னும் சற்று ஏற்றினால் திரும்பவும் நடுங்குகிறது. அந்த இடத்தைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் கீறி வைத்திருக்கிறேன். முழுப் பயணத்தையும் அந்த ஒரே வேகத்தில் போனேன்.

வெயிலில் படம் வெட்டி வெட்டி வருகிறதென்று கனானு தன் கறுப்புக் கண்ணாடியின் ஒரு பக்கத்தைக் கழற்றிக் கொடுத்தாள். கேமராவின் கண்ணுக்கு முன்னால் ஒட்டினேன். வெளிச்சம் குறைந்தால் கேமரா நிதானமாகப் பார்க்கிறது, மிச்சமிருக்கும் நடுக்கமும் கரைந்துவிடுகிறது. இப்போது அவள் ஒற்றைக் கண்ணாடியோடு திரிகிறாள். சந்தையில் எல்லோரும் கேட்கிறார்கள். "எம் புருஷன் பாதி உலகத்தைத்தான் காட்டுறாரு" என்கிறாள்.

கார்டை அனுப்பியிருக்கிறேன். இதுதான் படம் என்று நினைக்கிறேன்.

லெட்டோயே

•

நன்யுகி,
9 ஆகஸ்ட் 2016

லெட்டோயே,

பார்த்தேன். நடுக்கம் போய்விட்டது. மணல் தெரிகிறது, யானை தோண்டிய குழி தெரிகிறது, குழியில் தண்ணீர் மின்னுவதுகூடத் தெரிகிறது. என் கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தி அழுதாள், அவளுடைய அம்மா வீடு அந்தப் பக்கமாம்.

ஆனால் முவிக்காலி திருப்பி அனுப்பிவிட்டாள். "நல்லாத்தான் வருது மேடம். ஆனா திடீர்னு ஆறே இடதுபக்கம் சாயுது, திரும்ப நிமிருது. படகுல உக்காந்த மாதிரி வயித்தைப் பெரட்டுது." நானும் மறுபடி போட்டுப் பார்த்தேன். உண்மைதான். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு வெட்டுச் சாய்வு. அப்புறம் ஒழுங்கு. கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று. இது இன்ஜின் இல்லை. இன்ஜினாக இருந்தால் நிற்காமல் இருக்கும்.

இறக்கையைப் பார். துணி தளர்ந்திருக்கிறதா, கம்பி தேய்ந்திருக்கிறதா. மலிண்டிக்காரன் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான். நான் இன்னும் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை.

கரிமி

•

பர்சலிங்கா,
17 ஆகஸ்ட் 2016

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

அனைவரும் நலமென்று நம்புகிறேன்.

இறக்கையை முழுவதும் கழற்றிப் பார்த்தேன். துணியில் குறையில்லை. கம்பிகளும் சரி. சூரியன் வருமுன், மணல் சூடேறிக் காற்று மேலே எழும்புவதற்கு முன்பே பறந்தும் பார்த்தேன். அப்போதும் அந்தச் சாய்வு வருகிறது. இடையிடையே மரங்கள் இருக்கின்றன. காற்று அவற்றில் பட்டுத் திரும்பும். காற்றாகத்தான் இருக்கும். காற்றை என்ன செய்ய முடியும்?

புதிய கார்டும் வருகிறது. பெரிய வித்தியாசம் இல்லை.

லெட்டோயே

•

நன்யுகி,
25 ஆகஸ்ட் 2016

லெட்டோயே,

உன் கடிதம் இவ்வளவு குட்டையாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மழை எப்படி என்று கேட்கவில்லை, ஆடு பற்றி எழுதவில்லை, எல்லாம் காற்று என்கிறாய். ஏதையோ மறைக்கும் வாடிக்கையாளர்தான் அப்படி அவசரப்படுவார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் உன் இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக ஓடவிட்டேன். சாய்வு வரும் இடத்திலெல்லாம் நிறுத்தினேன். முதல் சாய்வு: கீழே முள்வேலி, வேலிக்கு வெளியே சிவப்புத் துணி போர்த்திய ஓர் ஆள். அடுத்தது: முள்வேலி, இரண்டு பெண்கள். அதற்கடுத்தது: வேலி இல்லை, ஆனால் மாட்டோடு ஒருவர், கம்பை மேலே தூக்கியிருக்கிறார். ஆளில்லாத இடத்தில் ஒரு சாய்வுகூட இல்லை. இரண்டு படத்திலும் அதே இடங்கள்.

காற்றுக்கு ஆள் தெரியுமா லெட்டோயே?

உன் வண்டியில் சக்கரத்தைத் திருப்பி ஓட்டுவதில்லை. நெஞ்சுக்கு முன்னால் ஒரு குறுக்குக் கம்பி. அதை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினால் இறக்கை சாயும். இரண்டு கை. இப்போது சொல், வலது கை எங்கே போகிறது?

கரிமி

•

பர்சலிங்கா,
2 செப்டம்பர் 2016

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும், அனைவரும் நலமா?

கையைத் தூக்குகிறேன். அவர்கள் கம்பைத் தூக்குகிறார்கள், நான் கையைத் தூக்குகிறேன். நினைத்துச் செய்வதில்லை. அந்தக் கை என்னைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. மிச்சமிருக்கும் இடது கை கம்பியை இழுத்துவிடுகிறது. இதை நான் கவனிக்கவே இல்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. இரண்டாவது படம் எடுத்த அன்று தெரிந்துவிட்டது. காற்று என்று எழுதிவிட்டேன்.

உங்களுக்கு நன்யுகியில் தெரியாது அக்கா. சந்தைத் தெருவில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு போகலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இங்கே ஒரு மனிதன் இன்னொரு மனிதனைக் கடந்து போவதே ஒரு நிகழ்ச்சி. மேலே போனால் என்ன, கீழே போனால் என்ன? பார்த்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

உங்கள் கடிதம் வந்தபிறகு ஒருநாள் கையைத் தூக்காமல் போய்ப் பார்த்தேன். இரண்டு வீட்டைத் தாண்டினேன். மூன்றாவது நோம்போயின் வீடு. ஆட்டுக்காரி, வாய் எட்டு ஊருக்குக் கேட்கும். அங்கே தாங்க முடியவில்லை, தூக்கிவிட்டேன். அது இன்னும் வம்பாகிவிட்டது. முதல் இரண்டு வீட்டாருக்கு இல்லாத வணக்கம் நோம்போய்க்கு மட்டும் ஏன் என்று பேச்சு. மறுநாள் காலை முதல் வீட்டுக்காரர் என் வாசலில் வந்து நின்றார். கனானுவிடம்தான் கேட்டார்.

"உம் புருஷனுக்குக் கை வலியா?"

"இல்லையே மாமா."

"எங்க வீட்டுல ஏதாச்சும் தப்பு நடந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா."

"அப்ப சரி. காத்தாடியில ஏறுனதும் பெரிய மனுஷன் ஆயிட்டான். வேற என்ன."

தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பால் நிறைய ஊற்றிய தேநீர் அக்கா.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை. அதில் ஏறி மேலே போகும்போது எனக்கு எப்படி இருக்கும் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கும் எழுத வரவில்லை.

லெட்டோயே

•

நன்யுகி,
7 செப்டம்பர் 2016

லெட்டோயே,

உன்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தேன், வரவில்லை. அதனால் வேலையைப் பார்ப்போம்.

நான் கடையை ஒருநாள் மூட வேண்டுமென்றால் என்ன செய்வேன்? வழக்கமாக வருபவர்களிடம் முதல்நாளே சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு மூடினால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. சொல்லாமல் மூடினால் "பெரிய ஆளாயிட்டா" என்பார்கள். இரண்டுக்கும் கதவு ஒன்றுதான்.

ஒவ்வொரு வீட்டுக்கும் போ. வண்டியில் இல்லை, நடந்து. கைகொடு, உட்கார், அரைப் பக்கம் நலம் விசாரி. அதில்தான் நீ கெட்டிக்காரன் ஆயிற்றே. அப்புறம் சொல்: "இன்ன நாள் காலையில மேலே போவேன். அன்னைக்குக் கை தூக்க மாட்டேன். அந்த வணக்கத்தை இப்பவே கொடுத்துட்டுப் போறேன்." முன்பணம் கொடுத்தவனை எவரும் திட்ட மாட்டார்கள். முதல் வீட்டுக்காரரிடம் இரண்டு மடங்கு உட்கார். அவர் வீட்டுத் தேநீரையும் குடி.

பறக்கும்போது கீழே பார்க்காதே. எதிரே மலை விளிம்பைப் பார். பார்த்தால்தானே கை போகும்.

மலிண்டிக்காரன் 24ஆம் தேதி இங்கே வருகிறான். இனி எனக்கு அவனைத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. அதற்குள் கார்டு வர வேண்டும்.

கரிமி

•

பர்சலிங்கா,
19 செப்டம்பர் 2016

மதிப்பிற்குரிய கரிமி அக்காவுக்கு,

நீங்கள், அத்தான், பிள்ளைகள், கடை ஆட்கள், பாதிரியாரின் மனைவி, அவருடைய மருமகள் அனைவரும் நலமா? இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் எல்லோரும்; பாறை இடுக்குவரை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

முதல் வீட்டுக்காரர் ஒரு பொழுது முழுக்க என்னை உட்கார வைத்துவிட்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் நோம்போய் ஒரு கேள்வி கேட்டாள். "உன் பங்கைக் கொடுத்துட்டே, சரி. எங்க பங்கு? நீ தலைக்கு மேல போற. நாங்க நிமிந்து பாத்துட்டு, கையையும் தூக்காம, மாடு மாதிரி நிக்கணுமா?" தூக்கிக்கொள்ளுங்கள் என்றேன். "தூக்குற கைக்குப் பதில் இல்லேன்னா அது எனக்குக் கேவலம். போடா, நாங்க பேசிக்கிறோம்" என்றாள். பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. கனானுவுக்குத் தெரிந்திருக்கிறது, அவளும் சொல்லவில்லை.

இன்று காலை பறந்தேன். கீறிய இடத்தில் வேகத்தை வைத்தேன். மலை விளிம்பைப் பார்த்தேன். இரண்டு கையும் கம்பியில். கீழே யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று தெரியாது. இதைப் போட்டுப் பார்க்க இங்கே வசதி இல்லை, நேரமும் இல்லை. கிமாதி ஹாரன் அடிக்கிறார். பார்க்காத படத்தைத்தான் அனுப்புகிறேன்.

லெட்டோயே

•

நன்யுகி,
27 செப்டம்பர் 2016

லெட்டோயே,

24ஆம் தேதி மலிண்டிக்காரன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் கிமாதி வந்தார். சரி, இரண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம் என்று போட்டேன்.

ஆறு ஆடவில்லை. தொடக்கத்திலிருந்து பாறை இடுக்குவரை ஒரு இடத்திலும் ஆடவில்லை. மேசையில் வைத்த தண்ணீர்தான். மலிண்டிக்காரன் வாயைத் திறந்தபடி இருந்தான். திடீரென்று கேட்டான்: "அம்மா, இவங்க எல்லாம் ஏன் இப்படி நிக்குறாங்க?"

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு வேலியோரமும் ஆள். ஆண், பெண், பிள்ளை, கம்பு ஊன்றிய கிழவர். ஒருவர் விடாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆற்றின் இரு கரையிலும், போகப் போக, முதுகுகள். ஆடுகள் மட்டும்தான் உன்னைப் பார்க்கின்றன.

நைரோபிக்கு அனுப்பினேன். நேற்று முவிக்காலி பேசினாள். "மேடம், இந்த மாதிரி ஒரு படம் எங்ககிட்ட இல்ல. ஆனா இவங்களுக்கு நம்ம மேல என்ன கோபம்? எல்லாரும் திரும்பி நிக்குறாங்களே, முகம் வேணுமே" என்றாள். நான் சொன்னேன்: "ஆடாத ஆறு கேட்டீங்க, கொடுத்தாச்சு. முகம் நீங்க கேக்கவே இல்ல. அது தனி வேலை, தனி விலை." அப்புறம் காரணத்தைச் சொன்னேன். என் ஊகம்தான், ஆனால் சரியாக இருக்கும்: பார்க்காதவர் வணங்க வேண்டியதில்லை, வணங்கப்படாததற்கு வருந்தவும் வேண்டியதில்லை. பிறகு, முதுகை வெட்டாமல் அப்படியே போடுவதாகச் சொன்னாள். நவம்பர் மழைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள். எழுத்தில் வாங்கிவிட்டேன்.

மலிண்டிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவ்வளவு தூரம் வந்தவன் வெறுங்கையோடு போகக் கூடாதென்று இரண்டு மெத்தை விற்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். நான்காவது வளைவில், தனியாக நிற்கும் வேல மரத்தடியில், மஞ்சள் தலைத்துணி கட்டிய ஒருத்தி மட்டும் திரும்பவில்லை. இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நேரே பார்க்கிறாள். ஒற்றைக் கண்ணாடி. என் தங்கையை எனக்குத் தெரியாதா? அந்த இடத்திலும் படம் ஆடவில்லை. நீ அவளைப் பார்க்கவில்லையா, அல்லது பார்த்தும் கையை அடக்கினாயா? வீட்டில் அதற்கு என்ன நடந்தது என்று எழுது. இந்தத் தடவை அரைப் பக்கம் நலம் விசாரித்தாலும் படிப்பேன்.

கரிமி

•

பர்சலிங்கா,
4 அக்டோபர் 2016

அக்கா,

பார்த்தேன். மலை விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் அந்தத் தலைத்துணி சந்தையில் நான் வாங்கிக் கொடுத்தது. ஓரக்கண்ணுக்கே தெரிந்துவிட்டது. கை கிளம்பியது. எப்படி நிறுத்தினேன் என்று தெரியவில்லை. விரல்கள் கம்பியில் வலித்தன.

இறங்கி வந்ததும் கேட்டேன். "எல்லாரும் திரும்பி நின்னப்ப நீ மட்டும் ஏன் பாத்தே?"

அவள் ஆட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் முதுகைக் காட்டுனா, நீ கையைக் கட்டுறது என்ன பெரிய விஷயம்? யாராச்சும் ஒருத்தர் நேரா நிக்கணும்ல. தூக்குறியான்னு பாத்தேன்."

"தூக்கியிருந்தா?"

வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"சந்தோஷமா இருந்திருக்கும்" என்றாள். "வண்டி கையை விட்டுப் போயிருக்கும்."

லெட்டோயே